பெஞ்சு போட்ட நானூற்று நான்கு

செப்டம்பர் 9

கூலிப் பெண்களை நிலத்துக்கு ஏற்றிப்போகிற முன்ஸிஃப் விடியற்காலையில் வண்டித் தளத்தில் தண்ணீர் ஊற்றுகிறான். பெண்கள் உட்காரக்கூடாது என்பதற்காக. உட்கார்ந்தால் பத்துப் பேர் போகலாம், நிற்க வைத்தால் முப்பது பேரை அடைக்கலாம். ஆளுக்கு இவ்வளவு என்று கூலியில் பிடித்துக்கொள்கிறவன் வேறு எதை யோசிப்பான்.

இது ஊருக்கே தெரியும். பள்ளிவாசலுக்குத் தெரியும், சோதனைச் சாவடிக்குத் தெரியும், நிலத்துக்காரருக்கு நன்றாகவே தெரியும். நேற்று வளைவில் வண்டி சாய்ந்து நிமிர்ந்தபோது உம்மாவின் மணிக்கட்டு பக்கவாட்டுக் கம்பியில் மாட்டி வீங்கிவிட்டது. இன்றும் போனாள். ஒரு கையால் மிளகாய் பறித்தாளாம்.

"ஒரு நாள் போகலன்னா என்ன?"

"ஒரு நாள் போகலன்னா மறுநாள் என் எடத்துல இன்னொருத்தி நிப்பா."

நிற்கிற இடத்துக்கு இவ்வளவு போட்டி.

செப்டம்பர் 14

வண்டி வாங்கிவிட்டேன்.

கடற்கரை நகரமான சூஸில், ஓட்டலில் படுக்கை விரித்துச் சேர்த்த பணம். இத்தாலிக்குப் படகேற வைத்திருக்கிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த பணம். அதைக் கொண்டுபோய் ரிதாவின் பழைய இரும்புக் கடையில் கொடுத்தேன்.

பேஜோ நானூற்று நான்கு. பின்னால் தார்ப்பாய் போடுகிற திறந்த தளம், ஸ்டீரிங்கை ஒட்டிக் கியர். உம்மாவின் வயது இருக்கும். பாதி நீலம், பாதி துரு. ஓட்டுநர் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இத வாங்கி என்னம்மா பண்ணப் போற ஸுஹூர்? கோழியும் சேத்துத்தான் வெல," என்றார் ரிதா.

"ஓட்டப் போறேன் அண்ணே."

"ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் இருக்கு."

"கல்யாணப் பத்திரம் எங்கிட்டயும்தான் இருக்கு. அதனால எனக்குக் குடும்பம் நடத்தத் தெரியும்னு ஆயிடுமா?"

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். வழி நெடுக ஆட்கள் வாசலில். பக்கத்து வீட்டு வர்தியா அக்கா மட்டும் கிட்டே வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்தாள். "இத்தாலிக்கு இதுலதான் போறியா? கடல்ல மெதக்குமாடி?"

செப்டம்பர் 15

உம்மா பேசவில்லை. ரொட்டியையும் எண்ணெயையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 21

ரிதா என்னை ஏமாற்றிவிட்டார். தளத்தில் கறுப்பாகப் பூசியிருந்ததைத் துருத் தடுப்புப் பூச்சு என்று நம்பியிருந்தேன். தார். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், பிடிவரை உள்ளே போனது. தாருக்குக் கீழே அரிசிச் சாக்கு, சாக்குக்குக் கீழே ஓட்டை, ஓட்டைக்குக் கீழே எங்கள் முற்றம்.

ஒன்றும் தெரியாமல் வாங்கினால் இப்படித்தான். ஏன் அன்றைக்கே குனிந்து பார்க்கவில்லை? பார்த்தால் அவமானம் என்று நினைத்தேன். தெரிந்தவள் மாதிரி எஞ்சின் மூடியைத் திறந்து தலையை மட்டும் ஆட்டினேன். முட்டாள்.

செப்டம்பர் 22

ரிதாவிடம் போனேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "வெல்டிங் மெஷினும் தகடும் குடுங்க, நானே ஒட்டிக்கிறேன். இல்லன்னா சனிக்கிழமைச் சந்தையில நின்னு அரிசிச் சாக்குக் கதைய எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"ஒட்டத் தெரியுமா?"

"தெரியாது."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு முகமூடியை எடுத்துக் கொடுத்தார். அதன் கறுப்புக் கண்ணாடியில் விரிசல் இருந்தது. அதையும் மாற்ற வைத்தேன்.

செப்டம்பர் 30

முதல் நாள் தகட்டை ஒட்டவில்லை, உருக்கினேன். இரண்டாம் நாளும். ஓர் அல்ஜீரியாக்காரன் இதே வண்டியைப் பிரித்துப் பிரித்துக் காட்டும் வீடியோக்களைப் போனில் பார்க்கிறேன். அவன் செய்யும்போது தையல் மாதிரி இருக்கிறது. நான் செய்தால் கோழி எச்சம் மாதிரி இருக்கிறது. ஆனால் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன், ஒட்டு விடவில்லை. போதும். அழகு பார்க்கிறவர்கள் வேறு வண்டி பார்க்கட்டும்.

அக்டோபர் 6

எஞ்சின் பிடித்தது. கார்புரேட்டரை ஏழெட்டுத் தடவை கழற்றி மாட்டியிருப்பேன். முதலில் இருமியது, பிறகு தெருவையே மறைக்கிற புகை. உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். நான் திரும்பியதும் உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 7

பிரேக் பிடிக்கவில்லை. சப்பாத்திக்கள்ளி வேலி பிடித்தது. இடது கை முழுக்க முள்.

அக்டோபர் 17

நாலு சக்கரத்துப் பிரேக்கையும் ரப்பர் மாற்றி முடித்தேன். இப்போது மிதித்தால் நிற்கிறது. ஆனால் பின்னால் ஒரு ஓலம். வேகம் கூடக் கூட ஓலமும் கூடுகிறது.

பின் அச்சுப் பெட்டியின் திருகைத் திறந்தேன். எண்ணெயோடு பொன் துகள் இறங்கியது. சூரியனில் மினுமினுக்கிறது. ஒரு நிமிடம் அழகாகக்கூட இருந்தது. அப்புறம் புரிந்தது, அது வண்டியின் உள்ளுறுப்பு.

நான்தான் செய்தேன். வாங்கிய வாரமே பழைய எண்ணெய் நாறுகிறது, பிசுபிசுக்கிறது என்று வடித்துக் கொட்டிவிட்டு, இருப்பதிலேயே உயர்ந்த புது கியர் எண்ணெயை ஊற்றினேன். நல்லது செய்கிறேன் என்று நினைப்பு. அல்ஜீரியாக்காரன் தலையில் அடித்துக்கொள்கிறான்: இந்தப் பெட்டிக்குள் வெண்கலப் பற்சக்கரம், புது எண்ணெயில் இருக்கிற மருந்து வெண்கலத்தைத் தின்னும், இதற்கு விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும். நான் கொட்டினேனே, அந்த நாற்றம் விளக்கெண்ணெய் நாற்றம்.

அந்தப் பற்சக்கரத்தில் எவ்வளவு மிச்சம்? எனக்கே தெரியாது.

அக்டோபர் 19

நகரத்தில் நாட்டுமருந்துக் கடை.

"விளக்கெண்ணெய் எவ்வளவு இருக்கு?"

"யாருக்கு முடி கொட்டுது?"

"வண்டிக்கு."

கடைக்காரன் எனக்குத்தான் ஏதோ கொட்டிவிட்டது என்பது மாதிரி பார்த்தான். இருந்ததெல்லாம் கண்மை டப்பா அளவில் சில சின்னக் குப்பிகள். பெட்டியின் அடிகூட நனையாது.

அக்டோபர் 21

வர்தியா அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். மாலை பார்த்தால் எங்கள் வாசலில் ஒவ்வொருத்தியாக வருகிறார்கள். முக்காட்டுக்குள்ளிருந்து தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க் குப்பியை எடுத்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போகிறார்கள். பாதிக் குப்பி, கால் குப்பி. முன்ஸிஃபின் வண்டியில் நிற்கிறவர்கள் எல்லோரும்.

"எங்களுக்கென்ன, முடியெல்லாம் எப்பவோ கொட்டிடுச்சு. உன் வண்டிக்காவது மொளைக்கட்டும்," என்றாள் வர்தியா அக்கா.

கடைசியாக உம்மாவின் குப்பி. எப்போது வைத்தாள் என்று பார்க்கவில்லை.

ஊற்றினேன். ஓலம் குறைந்திருக்கிறது, போகவில்லை. மிச்சம் இருக்கிற வெண்கலம் ஓடட்டும், ஓடுகிறவரை.

அக்டோபர் 29

இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டேன். முதுகுக்குக் குறுக்குச் சட்டம், பிடிக்கக் கம்பி. உயரம் சரியா என்று கேட்க ஆள் இல்லை. அப்போது உம்மா வந்தாள். உட்கார்ந்து பார்த்தாள்.

"கால் தரையத் தொடல. வளைவுல வழுக்கிடுவோம். இறக்கு."

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என்னிடம் முழுசாகப் பேசியது இதுதான். அப்படியே எல்லாவற்றையும் வெட்டி, இறக்கி, மறுபடி ஒட்டினேன்.

ஆளேற்றும் அனுமதி கேட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மூன்றாம் முறையாகப் போனேன். "வண்டிக்கு வயசாச்சு." முன்ஸிஃப் வண்டிக்கு எந்த அனுமதி இருக்கிறது என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

நவம்பர் 3

ஆலிவ் பறிப்பு ஆரம்பம். இருட்டிலேயே, பெண்கள் வண்டியேறும் கல்லறைத் திருப்பத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். தளத்தில் கம்பளி விரித்திருந்தேன். காசு வேண்டாம், பெட்ரோலுக்கு மட்டும் என்று நேற்றே எல்லா வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

முன்ஸிஃப் வந்தான். இறங்கிக்கூட வரவில்லை, கண்ணாடியை இறக்கினான்.

"தங்கச்சி, வண்டி ஜோரா இருக்கு. ஊர்வலம் எதாவது போகுதா?" பிறகு பெண்கள் பக்கம் திரும்பினான். "யாரு எதுல வேணா ஏறுங்க, நான் கேக்கல. ஆனா நெலத்துல பேரு குடுக்கறது நான். ஞாபகம் வெச்சுக்கங்க."

ஒருத்திகூட என் வண்டியில் ஏறவில்லை.

உம்மாவும்.

என்னைத் தாண்டித்தான் போனா. என் முகத்தப் பாத்துட்டுத்தான் போனா. எண்ணெ குடுக்கத் தெரியுது, பெஞ்ச இறக்குன்னு சொல்லத் தெரியுது, ஏறி உக்காரத் தெரியல. அப்ப நான் எதுக்கு— யாருக்காக— போங்கடி, எல்லாரும் நின்னே சாவுங்க.

நவம்பர் 4

நேற்று எழுதியதை அடிக்க நினைத்தேன். அடிக்கவில்லை. ஆனால் ஒன்று: அவர்கள் பயப்படுவது வண்டிக்கு இல்லை. அன்றாடக் கூலி போய்விடும் என்று. எனக்குச் சூஸ் இருந்தது. அவர்களுக்கு எங்கே?

இன்று முன்ஸிஃப் வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டிப்போனேன். காலியாக. விளக்கு போட்டு, பத்தடி விட்டு, நிலம் வரை. அவன் வேகம் எடுத்தால் நானும். நின்று போகிற முப்பது பேரும் வழி நெடுக என் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

நவம்பர் 5

இன்றும். ஓலத்தோடு.

நவம்பர் 7

முன்ஸிஃப் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தான். "என்ன வெறியா புடிச்சிருக்கு உனக்கு?"

"ரோடு உன்னுதா?"

"பெட்ரோல் தீந்தா வீட்டுக்குப் போவ."

"தீரட்டும். தள்ளிக்கிட்டு வருவேன்."

மேலே நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தாள். அவன் திரும்பினான். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

நவம்பர் 11

மழை. பாலத்துக்கு முன்னால் முன்ஸிஃப் வண்டி வழுக்கிக் குறுக்கே நின்றது. கவிழவில்லை, ஒரு சாண் பாக்கி. உள்ளே ஒருவர் மேல் ஒருவராக விழுந்து கிடந்தார்கள். நான் பிரேக் மிதித்தேன், நின்றது. நான் போட்ட ரப்பர்.

வர்தியா அக்கா முதலில் குதித்தாள். நேராக வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஏய், எறங்கினா வேல போச்சு," என்று முன்ஸிஃப் கத்தினான்.

"ஆலிவ் கீழ உதுந்து கெடக்கு. யாரு பொறுக்குவா, நீயா? உனக்குத்தான் குனிஞ்சா தொப்ப இடிக்குமே."

அடுத்து ஒருத்தி. அடுத்து இன்னொருத்தி. பெஞ்சு நிறையும்வரை வந்தார்கள். நிறைந்ததும் மீதிப் பேரை ஏற்றமாட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அது கஷ்டமாக இருந்தது. ஆனால் சொன்னேன். நிற்க வைத்தால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு முறை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

நிலத்துக்காரர் எங்களைப் பார்த்தார், உதிர்ந்து கிடந்த ஆலிவைப் பார்த்தார், மரத்தடியில் பறிப்பு வலையை விரிக்கச் சொன்னார்.

உம்மா கடைசியாக ஏறியவள். எனக்கு நேர்பின்னால் உட்கார்ந்தாள்.

நவம்பர் 13

சோதனைச் சாவடி முற்றத்தில், பானட்டின் மேல் வைத்து எழுதுகிறேன். காலையிலிருந்து இங்கேதான்.

முன்ஸிஃப் எனக்கு முன்னால் போனான். நின்றபடி இருபது பேர். காவலர் கையசைத்து அவனைப் போகவிட்டார். என்னை நிறுத்தினார். பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

"பெஞ்சு இருக்கே."

"ஆமா சார்."

"சரக்கு வண்டில பெஞ்சு போட்டா அது ஆளேத்துற வண்டி. அதுக்குத் தனி அனுமதி வேணும். எங்க?"

"கேட்டேன், குடுக்கல. முன்னால போச்சே, அதுக்கு இருக்கா?"

"அதுல பெஞ்சு இல்ல. அது சரக்கு வண்டி."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே விளக்கிச் சொன்னார், பொறுமையாக. பெஞ்சைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்லோரையும் அப்படியே கூட்டிப் போகலாமாம். தடையே இல்லையாம்.

கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து உம்மாவின் குரல்.

"சார், இங்க வாங்க."

வந்தார்.

"பெஞ்சு இல்லன்னா நான் சரக்கு. அப்படித்தானே?"

"சட்டம் அப்படிம்மா. நான் என்ன பண்ண. எறங்குங்க, பெஞ்சக் கழட்டட்டும்."

ஒருத்தியும் இறங்கவில்லை. வர்தியா அக்கா ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்தில் கொடுத்தாள். இன்றைய கூலி போய்விட்டது, எல்லோருக்கும் தெரியும். அவர் அதட்டினார், கெஞ்சினார், மேலதிகாரிக்குப் போன் செய்தார். இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. சற்று முன் மறுபடி வந்து, இறங்கப் போறீங்களா இல்லையா என்றார்.

உம்மா எழுந்திருக்கவில்லை. வீக்கம் வடிந்த கையை நீட்டினாள்.

"நான் சரக்குன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எறங்கறேன்."

காவலர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். சாலையில் வேறு வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.