இத்தாலிப் பிள்ளைக்குச் சுற்றிப்போட்ட உன் மகள்

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். உன் மகள் தர்ஷினி இத்தாலிக்குப் போவாள், அங்கே ஒரு வீட்டையே தன் கைக்குள் வைத்துக்கொள்வாள், ஒருநாள் அந்த வீட்டுக்காரர்களை நம் பாசிர் கூடாங்குக்கே கூட்டிக்கொண்டு வந்து நிற்பாள் என்று ரோட்டோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து நான் சொன்னபோது சிரிக்காத ஆள் இல்லை. நாளைக் காலையில் செனாயில் விமானம் இறங்குகிறது. இப்போது யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

வீடு முழுக்கக் காப்பி வாசனை. தர்ஷினி போன வருஷம் அனுப்பிய இடுப்பு ஒடுங்கிய அலுமினியக் கெட்டில் ஒன்று இருக்கிறது. அடியில் தண்ணீர், நடுவில் தூள், அடுப்பில் வைத்தால் காப்பி தானாக மேலே ஏறி வந்துவிடும். விருந்தாளிகள் முன்னால் தடுமாறக் கூடாது என்று காலையிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். அந்தக் கருகல் வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. ஷிப்டு முடிந்து என் பஸ்ஸில் ஏறும்போது பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பியோடுதானே ஏறுவாய். எனக்கும் ஒன்று வாங்கி வருவாய். சீனி அதிகம் என்று நான் தினமும் குறை சொல்வேன், தினமும் குடிப்பேன்.

நான் ஓட்டிய தொழிற்சாலை பஸ்ஸில் என் பின்னால் இருந்த இருக்கை உன்னுடையது. உன்னை என் தங்கச்சிக்குப் பேசி முடித்ததே அந்த பஸ்ஸில்தான். பின்னால் பார்க்கிற கண்ணாடியிலேயே மாப்பிள்ளை பார்த்த ஆள் ஜொகூர் முழுக்கத் தேடினாலும் நான் ஒருவன்தான். ரெங்கம் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் என்று யார் சொல்வார்கள்? மற்ற படிப்பையெல்லாம் நான் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே படித்தேன்.

உன் மகள் பேச்சை நீ எடுத்ததும் அதே இருக்கையில்தான். அப்போது அவள் சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். விடியுமுன் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புவாள். திடீரென்று ஒருநாள் இத்தாலிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

"'ஓ பேர்'னு ஒரு வேலையாம் மச்சான்," என்றாய். "என்னான்னு கேட்டா, ஒரு வீட்டுலேயே தங்கி அவங்க பிள்ளைங்களப் பாத்துக்கணுமாம். அவங்க ரூம் குடுத்து, சோறு போட்டு, கைச்செலவுக்கும் குடுப்பாங்களாம். மத்த நேரம் அவங்க மொழிய படிக்கலாமாம்."

"நல்லதுதானே லா."

"என்னா நல்லது? எங்கம்மா தோட்டத்துல தொரை வீட்டுல ஆயா வேலை பாத்துச்சு. தொரை பிள்ளைக்குக் குண்டி கழுவிட்டு வந்து எனக்குச் சோறு ஊட்டுச்சு. அதே வேலைக்கு இவளும் போவணுமா? பேர மாத்திட்டா சரியாப் போச்சா?"

நான் அதற்குச் சரியான பதில்தான் சொன்னேன். உன் அம்மா துரை வீட்டில் சமையலறையில் நின்று சாப்பிட்டார், இவள் அவர்களோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறாள், வித்தியாசம் இல்லையா என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தாய். அவளுக்குத் தட்டு எடுத்து வைப்பாய், அவள் வேலை முடிந்து வரும்வரை வாசல் விளக்கை அணைக்க மாட்டாய், ஆனால் ஒரு வார்த்தை பேச மாட்டாய். அவளும் உன் மகள்தானே, அவளும் பேசவில்லை. அப்புறம் உனக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி என்று எல்லாம் வேகமாக முடிந்துவிட்டது.

கடைசி நாள் மத்தியானம் உன் பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தர்ஷினியைத் தனியாகக் கூப்பிட்டு உன் வார்த்தையை அவளிடம் சேர்த்தேன். "அவ போகட்டும் மச்சான். குளிருக்கு நல்ல சட்டையா ஒண்ணு வாங்கிக் குடு." இத்தாலி நினைப்பையே அவள் விட்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அடுத்த வாரமே ஜொகூர் பாருவில் பழைய உடுப்பு விற்கிற கடையெல்லாம் அலசி, நீல நிறத்தில் ஒரு கோட்டு வாங்கிக் கொடுத்தேன். ரஷ்யாவில் பனிக்கரடி வேட்டைக்குப் போகிறவர்கள் போடுவது. கடைக்காரர் சொல்லவில்லை, பார்த்தாலே தெரியும்.

இப்போது அவள் நாள் அங்கே எப்படிப் போகிறது என்று கேள். ஊர் பெயர் பொலோனியா. வீட்டுக்காரி சில்வியா, மருந்துக் கடையில் வேலை. அவள் வீட்டுக்காரர் மார்கோ ரயில் ஓட்டுகிறார். அவரும் நானும் ஒரே தொழில் என்று வைத்துக்கொள். என்ன, அவருக்குத் தண்டவாளம் இருக்கிறது, திருப்ப வேண்டிய வேலை இல்லை. பெரியவள் ஜூலியா பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவன் தொமாசோவுக்கு அப்போது மூன்று வயது.

காலையில் பிள்ளைகளை எழுப்பிப் பசியாற வைக்க வேண்டும். பெரிய நாடு, என்னென்னவோ சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். பிஸ்கட்டைப் பாலில் முக்கித் தின்கிறார்கள், நம்மைப் போலவே. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு இவள் மொழி வகுப்புக்குப் போகிறாள். சாயங்காலம் கூட்டி வந்து, பூங்காவில் ஓடவிட்டு, குளிப்பாட்ட வேண்டும். தலை ஈரத்தோடு ஒரு பிள்ளை வாசலைத் தாண்டிவிட்டால் சில்வியா போடுகிற சத்தம் நம் வீட்டுச் சத்தம்தான். ஆனால் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால் அதற்கும் சத்தம். தர்ஷினி பழக்கதோஷத்தில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவாளாம். சில்வியா பின்னாலேயே வீட்டுச் செருப்பைத் தூக்கிக்கொண்டு வருவாளாம். இன்னொன்று சொன்னால் நம்பமாட்டாய். கக்கூசில் கழுவிக்கொள்வதற்கென்றே தனியாக ஒரு பீங்கான் தொட்டி. வெள்ளைக்காரன் காகிதத்தால்தான் துடைப்பான் என்று நீ சொன்னாயே, தோற்றுப்போனாய்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்கிறார்கள். முதல் நாள் பாஸ்தா வந்ததும் அவ்வளவுதான் சாப்பாடு என்று நினைத்து இவள் மறுபடி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். பிறகுதான் இறைச்சி வந்ததாம். எழுந்து தட்டை எடுக்கப் போனால் மார்கோ கையைப் பிடித்து உட்கார வைத்து, இன்றைக்குத் தட்டு கழுவுகிற முறை என்னுடையது என்றாராம். உன் அம்மா பெயரைச் சொல்லித்தானே நீ தடுத்தாய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் இப்படியே போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. அவள் போய் இரண்டாவது மாதம், தொமாசோவின் பிறந்தநாள். சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து அவன் சுருட்டை முடியைப் பிடித்துக் கொஞ்சிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் பையன் சோறு தண்ணி தொடவில்லை, ஒரே அழுகை. சில்வியாவும் மார்கோவும் வேலைக்குப் போய்விட்டார்கள். இவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? தங்கச்சி கட்டிக் கொடுத்த காய்ந்த மிளகாயையும் கல் உப்பையும் கையில் எடுத்து, பையன் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, கைக்குள் தூ தூ தூ என்று துப்பச் சொல்லி, அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து அதில் போட்டுவிட்டாள்.

நம் தாமான் வரிசை வீடுகளில் ஒரு பிள்ளை அழுதால் பக்கத்து வீட்டு அக்கா யாரையும் கேட்காமல் வந்து சுற்றிப்போட்டுவிட்டுப் போவார். பெற்றவளிடம் கேட்டுச் செய்கிற வழக்கமா நமக்கு? இவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அங்கே ஜன்னலெல்லாம் குளிருக்கு மூடிக் கிடந்தது. சில்வியா கதவைத் திறந்தபோது வீடெல்லாம் மிளகாய்ப் புகை, பையன் கண் சிவந்து இருமிக்கொண்டிருக்கிறான். என் பிள்ளைக்கு என்ன செய்தாய் என்று கேட்டாளாம். இவளுக்குத் தெரிந்த இத்தாலிய மொழி அன்றைக்குப் பார்த்து ஓடிப்போய்விட்டது. பையனுக்குக் காதில் சீழ் என்று டாக்டர் சொன்னார், மருந்து கொடுத்தார். ஆனால் சில்வியா இவளிடம், வார முடிவில் பேசிக்கொள்ளலாம், அதுவரை பையனைத் தொடாதே என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் எனக்கு வீடியோ கால் வந்தது. அங்கே மத்தியானம், இங்கே விளக்கு வைக்கிற நேரம். ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லல. என்னா ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னாள். பூங்கா பெஞ்சில் அந்த நீலக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"நான் வந்துடவா மாமா? அவங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே கிளம்பிடறேன்."

"அலமாக், மிளகாய் எரிச்சதுக்கா? இங்க உங்கம்மா வாரா வாரம் எரிக்குது. நான் என்ன ஊர விட்டா ஓடிட்டேன்?"

அவள் சிரிக்கவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். நெஜத்தச் சொல்லுங்க. அப்பா உண்மையிலேயே போகச் சொன்னாரா?"

அவள் திரும்பி வருவதும் தங்குவதும் என் பதிலில் இருந்தது, மச்சான். நீ சம்மதிக்கவில்லை என்று ஆகிவிட்டால், பெட்டி கட்டுவதற்கு அவளுக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. நான் உடனே சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய் என்றேன். சட்டை கெட்டியாக இருக்க வேண்டும், தலைக்கும் மூடி இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாய் என்றேன். அவள் கோட்டின் தலைமூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப எந்திரிச்சுப் போயி அந்த அம்மாகிட்ட என்னா செஞ்சேன்னு காட்டு," என்றேன். "பேச்சு வரலன்னா கையால காட்டு. அனுப்பினா வா, நானே வந்து கூட்டிட்டு வர்றேன். நீயா ஓடி வராத."

போனாள். சமையலறை மேசையில் உப்பையும் மிளகாயையும் வைத்து, தெரிந்த சொற்களைக் கோத்துச் சொன்னாள். நாலு பேர் கண் பட்டால் பிள்ளைக்கு ஆகாது, நாங்கள் இப்படித்தான் எடுப்போம், கேட்காமல் செய்தது தப்பு. கீழ் வீட்டில் இருக்கிற மார்கோவின் அத்தை பியாவும் அப்போது வந்திருந்தார். அவர் மிளகாயை முகர்ந்து பார்த்துவிட்டு, கண் பட்டிருக்கிறதா என்று நாங்கள் தட்டில் தண்ணீர் வைத்து எண்ணெய் விட்டுப் பார்ப்போம், எங்கள் வேலையில் புகை கிடையாது என்றாராம். சில்வியா அதற்கும் முறைத்திருக்கிறாள். மருந்துக் கடைக்காரி, இரண்டு பேர் பேச்சும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் தொமாசோ நாற்காலியில் ஏறினான். மேசையில் இருந்த உப்பை ஒரு பிடி அள்ளி, அம்மா தலையைச் சுற்றினான். முடியெல்லாம் உப்பு. பிறகு கையை அவள் வாய்க்கு நேரே நீட்டி, துப்பு என்று அதட்டினான். சில்வியா அவனைப் பார்த்தாள், தர்ஷினியைப் பார்த்தாள், துப்பினாள். துப்பியதும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாளாம். அடுப்பு கூடாது, என்னைக் கேட்காமல் எதுவும் கூடாது, ஆனால் நீ இரு என்றாள்.

இருந்தாள். ஒரு வருஷத்துக்குப் போனவள் இன்னொரு வருஷமும் இருந்தாள். இப்போது அங்கேயே பாலர் பள்ளி ஆசிரியைக்குப் படிக்க இடம் கிடைத்துவிட்டது. அந்த வீட்டு மாடி அறை அவளுக்கே என்று சொல்லிவிட்டார்கள். தங்கச்சி இரண்டு நாளாக முறுக்குச் சுடுகிறது. நான் ஸ்கூடாயில் இருக்கிற கூட்டாளியிடம் வேன் இரவல் வாங்கிக் கழுவி வைத்திருக்கிறேன். இத்தாலியத் தூதர் வந்தால்கூட இவ்வளவு பளபளப்பு இருக்காது. மார்கோவை முன் இருக்கையில் உட்கார வைத்து, தண்டவாளம் இல்லாமல் ஓட்டுவது எப்படி என்று காட்டப் போகிறேன்.

நேற்றுப் பேசும்போது தர்ஷினி ஒன்று சொன்னாள். "மாமா, அப்பா கடைசியா சொன்னத சில்வியாகிட்ட சொல்லியிருக்கேன். உங்க வாயால கேக்கணுமாம் அவங்களுக்கு. நீங்க சொல்லுங்க, நான் அவங்க மொழியில மாத்திச் சொல்றேன்."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை, காப்பி போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மற்றதில் நான் கொஞ்சம் கூட்டியிருப்பேன், குறைத்திருப்பேன், உனக்குத் தெரியாததா. ஆனால் அந்த வார்த்தை முழுக்க முழுக்க என்னுடையது. உன் வாயில் குழாய் இருந்தது. நீ என் கையைப் பிடிக்கவில்லை, நான்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கண்ணைத் திறந்து மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தாய். மூடிக்கொண்டாய். அவள் போவதைப் பற்றிக் கடைசியில் என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல ஒரு பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டேன்.

நாளைக்கும் அதையேதான் சொல்லப் போகிறேன், மச்சான். இத்தனை நாள் சொல்லிச் சொல்லி இப்போது எனக்கே அது உன் குரலில்தான் கேட்கிறது. உன் குரலில் என்னிடம் மிச்சம் இருப்பதும் அந்த இரண்டு வரிதான். உனக்கு மறுப்பு ஏதாவது இருந்தால், விமானம் இறங்குவதற்குள் சொல்லிவிடு.