கறிவேப்பிலைக்கு வெட்டிய குழி

றொசானா அப்பா,

நான் டோர்வலுக்கு வேலைக்குப் போகிறேன். சோறும் மீன்குழம்பும் அடுப்பில் இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ. புல்தரைச் சுருள் விரிக்கிற ஆள் வந்தால் முன்பக்கம் மட்டும் விரிக்கச் சொல்லுங்கோ. பின்பக்கம் முழுக்க வீடு கட்டினவன் விட்டுப்போன கல்லும் களிமண்ணும்தான். பொறுக்கிப் பொறுக்கிக் கை காய்த்துப்போச்சு, இன்றைக்கு என்னால் ஏலாது.

கறிவேப்பிலையை வெளியில் தேடாதீங்கோ. இரவு விழுந்த உறைபனியில் இலையெல்லாம் கறுத்துப்போச்சு. விடிய நானே கிளப்பி, திரும்பத் தொட்டியில் வைத்து யன்னலடியில் விட்டிருக்கிறேன். மே முடியட்டும், பிறகு நிலத்தில் நடுவோம் என்று எத்தனை தரம் சொன்னேன். "சொந்தக் காணி வாங்கின பிறகும் தொட்டியோடி?" என்று கத்தினீங்கள். முந்தி இருந்த செயின்ட்-மிஷேல் அபார்ட்மெண்ட் யன்னலில் வளர்ந்த மரம் அது. காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்தா குளிர் தாங்கும்?

தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருக்கு. தண்ணீர் ஊற்றாதீங்கோ.

இமெல்டா

பி.கு.: குழியை மூடவேண்டாம். இடுப்பு நோவோடு நீங்கள் வெட்டினது, ஜூனில் தக்காளி வைப்போம். நோவெண்ணெய் மேசையில் இருக்கு. கை எட்டாத இடத்துக்கு நான் வந்து பூசிவிடுகிறேன்.