படகுக்குள் வந்த கல்

ஏனுங்க,

இன்றைக்குக் காலையில் நான் பட்டறை ஷட்டரைத் தூக்கும்போதே என் தம்பி டெம்போவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் சாக்கு விரித்து அவனுடைய படகு இன்ஜினைக் கிடத்தியிருந்தான். கருகின பழைய ஆயில் வாடை, அதை இறக்குவதற்கு முன்பே மூக்கில் ஏறிவிட்டது. அந்த வாடை வந்தால் உங்கள் ஞாபகம் வரும். உங்கள் ஞாபகம் வந்தால் எனக்குக் கோபம் வரும். மற்ற வீட்டுப் பெண்களுக்கு அழுகை வருமாம். எனக்கு அதெல்லாம் முதல் மாதத்தோடு தீர்ந்துவிட்டது.

சட்டைப் பையிலிருந்து ஒரு போல்ட்டின் தலையை மட்டும் எடுத்து என் மேசைமேல் வைத்தான். இன்ஜின் அடியில் பழைய ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட். தலை ஒடிந்து வந்துவிட்டது, தண்டு உள்ளேயே நின்றுவிட்டது. கல் பட்டுவிட்டது போலிருக்கிறது என்றான். நாளைக்கு ஆடிப் பதினெட்டு, அணையில் கூட்டம் அள்ளும், ஒரு மணி நேரத்தில் பார்த்துக் கொடு என்றான்.

இதே இன்ஜின், இதே போல்ட், இதே கல். படகுக்குள்ளே இருக்கிற இன்ஜினுக்கு அடியில் கல் எப்படிங்க வரும்? அந்தக் கல்லைக் கொண்டுவந்து போட்டதே நீங்கள்தான்.

அன்றைக்கும் ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள்தான். அவன் அணையில் சவாரிப் படகைக் குத்தகைக்கு எடுத்த முதல் வருஷம். நான் இதே மேசையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவன் முகம் செத்துப்போய் வந்து போல்ட்டின் தலையை நீட்டினான். நீங்கள் வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தீர்கள். அதில் ஒட்டியிருந்த வாஷர் அப்பளமாக நசுங்கியிருந்தது. கழற்றப்போனவன் முறுக்கி முறுக்கி ஒடித்திருக்கிறான் என்பது உங்களுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எனக்கும்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு, "கல்லு கில்லு பட்டிருக்குமுங்க மாப்பிள்ளை" என்றீர்கள். மச்சினன் முகம் வாடக் கூடாது, அதுதானே.

சரி, அந்த மட்டில் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலையாவது ஒழுங்காகச் செய்து கொடுத்திருக்கலாம். தண்டை எடுத்து, லேத்தில் புது போல்ட் கடைந்து போட அரை நாளாவது வேண்டும். டெம்போக்காரர் காத்திருக்கிறார் என்று தம்பி சொன்னான். நீங்கள் உடனே ஆகட்டுங்க என்றீர்கள். ஒடிந்த இடத்தில், கல்லாக இறுகும் பசையைப் பிசைந்து அப்பினீர்கள். ஆயில் பிடித்த இரும்பில் பசை நிற்காது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் நீங்கள். முடியாதென்று சொல்லுங்கள் என்று நான் உங்கள் காதோடு சொன்னதற்கு, "வாய் தொறந்து கேட்டுப்போட்டாரு, எப்படீங்க அம்மணி இல்லீங்கறது" என்றீர்கள். கட்டின பெண்டாட்டிக்கும் 'ங்க' போட்டுப் பேசுகிற மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது? எத்தனையோ சண்டையை நீங்கள் அதை வைத்தே தப்பித்திருக்கிறீர்கள்.

மறுநாள் காலையில் கையில் ஆயில் கேனோடு அணைக்குக் கிளம்பினீர்கள். சும்மா தண்ணீரைப் பார்க்கலாம் என்று எங்களையும் கூப்பிட்டீர்கள். காந்திபுரத்தில் பஸ் ஏறவே முட்டி மோத வேண்டியிருந்தது. அணையில் தம்பி நம் மகளைத் தூக்கி, மாமன் படகில் முதல் சவாரி என்று முன்பலகையில் உட்காரவைத்தான். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. அந்த இன்ஜினில் என்ன அப்பியிருக்கிறது என்று தெரிந்த நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிள்ளையை இறக்குங்கள் என்று உங்கள் வாயில் வரவில்லை. நீங்களும் ஏறி இன்ஜின் பக்கத்தில் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். நான் இறக்கப் போவதற்குள் படகு நகர்ந்துவிட்டது.

நடுத் தண்ணீரில் இன்ஜின் நின்றது. பசை உதிர்ந்து, ஆயில் முழுவதும் படகின் அடியில் ஊற்றிப்போய், பிஸ்டன் இறுகிவிட்டது. ஆடிக் காற்று படகை மதகுப் பக்கமாகத் தள்ளியது. சென்னிமலையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் முருகா முருகா என்று கத்தியது கரை வரைக்கும் கேட்டது. நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மகள் பெயரைக் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. நீங்களும் தம்பியும் உட்காரும் பலகையைப் பெயர்த்துத் துழாவித் துழாவிக் கரை சேர்த்தீர்கள். இறங்கினதும் எல்லோரிடமும் கை கூப்பி, "டீசல் தீந்துபோச்சுங்க, மன்னிச்சுக்குங்க" என்றீர்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தங்கமான மனுஷர் என்றார். எனக்கு அங்கேயே உங்களை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. மகளின் பாவாடை முழுக்க ஆயில். துவைத்துத் துவைத்தும் போகவில்லை.

இன்ஜின் திரும்பப் பட்டறைக்கு வந்தது. கவிழ்த்துப் போட்டு, ஒடிந்த தண்டின் ஓரத்தில் சின்ன உளியை வைத்து லேசாகத் தட்டினீர்கள். தலை போனால் பிடிமானமும் போய்விடும் அல்லவா, தண்டு சொன்ன பேச்சுக் கேட்டுச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. "பாத்தீங்களா அம்மணி, தானா வந்துருச்சு" என்று சிரித்தீர்கள். நான் அன்றைக்கு உங்களோடு பேசவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடிக்கும் நீங்களே அணைக்குப் போய் ஆயில் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். தப்பு என்ன என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சம்.

போன தை மாதம் தம்பி காங்கேயத்துக்குப் பக்கத்தில் கட்டின புது வீட்டில் பால் காய்ச்சினான். விடிந்ததிலிருந்தே உங்களுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு வாயு என்றீர்கள். பந்தியில் உட்கார்ந்து, பரிமாறினதையெல்லாம் சாப்பிட்டு, மொய் எழுதி, வந்தவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று விசாரித்து, எல்லாம் முடிந்து காரில் ஏறின பிறகுதான் என்னிடம் சொன்னீர்கள். "மச்சினன் ஊட்டு விசேசமுங்க, பாதியில எந்திரிச்சு வந்தா நல்லாருக்குங்களா" என்று கேட்டீர்கள். பல்லடம் தாண்டவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், காலையிலேயே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நல்லாருக்குங்களா என்று கேட்டீர்களே, நல்லாருக்குங்களா இப்போது?

இதெல்லாம் மனதில் ஓடினதால்தான் இன்று காலையில் தம்பியிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன். "கல்லு இல்லடா. மேல நின்னு குனிஞ்சு, கையை அடியில உட்டுத் திருப்பியிருக்கற. மேல இருந்து பாத்தா கழட்டற பக்கம் மாறிப்போகும். நீ கழட்டல, முறுக்கியிருக்கற. போன தடவையும் அதேதான். உங்க மச்சானுக்கு அன்னைக்கே தெரியும்."

அவன் போல்ட் தலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்க்கா" என்றான். "எதையோ தப்பாப் பண்ணித்தான் ஒடிச்சேன்னு தெரியும். என்ன தப்புன்னுதான் தெரியல. அவரே கல்லுன்னு சொல்லிப்போட்டாரு, அதுக்கு மேல நான் எப்படிக் கேக்கறது? அவருக்குச் சங்கடமாப் போயிருமேன்னு உட்டுட்டேன்."

நீங்கள் அவனுக்காக மறைத்தீர்கள். அவன் உங்களுக்காக மறைத்தான். உங்கள் இரண்டு பேர் மரியாதைக்கும் நடுவில் என் பிள்ளை தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள்.

அதோடு விட்டானா? தலையைக் குனிந்துகொண்டே இன்னொன்றும் சொன்னான். "பால் காய்ச்சுன அன்னைக்கும் பந்தியில பாத்தேன்க்கா. தை மாசக் குளிர்ல மச்சானுக்குச் சட்டை முதுகெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. கேட்டா சங்கடப்படுவாரேன்னு கேக்கல."

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அந்த அடியில் பாதி உங்களுக்கு வர வேண்டியது. உங்களை எங்கே போய் அடிப்பேன்?

உளியை எடுத்து நானே தண்டைத் தட்டினேன். எனக்கும் தானாகத்தான் வந்தது. பசை டப்பா அலமாரியில் இன்னும் இருந்தது. அதை அவன் கண் முன்னாலேயே குப்பையில் போட்டேன். வெளி லேத்தில் கொடுத்துப் புது போல்ட் கடைந்து வர நாளை மறுநாள் ஆகும், நாளைக்குப் படகு ஓடாதுங்க என்றேன். சொந்தத் தம்பிக்கு எதற்கு 'ங்க' என்று தெரியவில்லை, உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது அது, போகமாட்டேன் என்கிறது. வருஷத்தில் ஒரு நாள் அக்கா என்றான். முடியாதுங்க என்றேன்.

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. உறவு அறுந்துபோகவில்லை. தம்பி கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தான், டெம்போவைத் திருப்பி அனுப்பினான், நாளைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஏனுங்க, இவ்வளவுதானுங்க அது.