மச்சாள் வீட்டு வெளிச்சம்

என் ஆசை மச்சாள் வசந்திக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. நீ இருந்தபோது உன்னிடம் சொல்லாத ஒன்றை இன்று எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். எனக்கு உன் வீட்டின் மேல் பொறாமை. இன்னும் தீரவில்லை.

புளியங்குளத்தில் உன் புருசன், என் அண்ணாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் காணி. இரண்டு பேருக்கும் ஒரே வீட்டுத்திட்டம், ஒரே அளவு, ஒரே மேசன். அத்திவாரம் வெட்டமுன் நீ ஒரு கிழமை வெறுங்காணியில் கதிரை போட்டு இருந்தாய். காலை வெயில் எங்கே விழுகிறது, மூன்று மணிக்கு எங்கே போகிறது என்று பார்த்துத் தடி நட்டாய். "வசந்திக்கு வெயில் பிடிச்சிட்டுது" என்று மேசனிடம் சொல்லிச் சிரித்தேன்.

வீடு எழும்பியதும் என் சிரிப்பு நின்றது. நீ சமைக்கும் குசினியின் யன்னல் கிழக்கே பார்த்தது. நடு அறைக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு. சுவருக்கு வெள்ளை, யன்னலுக்கு மெல்லிய பழஞ்சேலை. பின்னேரம் ஐந்து மணிக்கும் உள்ளே இருந்து அரிசியில் கல் பொறுக்கலாம். நானோ பெரிய இடத்து வீடு போல இருக்கட்டும் என்று கடும் சிவப்பு அடித்து, தடித்த திரை போட்டு, அலுமாரியை யன்னலோடு ஒட்டி வைத்தேன். மத்தியானத்திலும் லைட் போடவேண்டி வந்தது.

அதையும் பொறுத்திருப்பேன். என் மகள் நிலா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஓடியதைத்தான் தாங்க முடியவில்லை.

"எங்கட வீட்டில இருந்து படிச்சால் என்ன?"

"மாமி வீட்டிலதான் அம்மா வடிவாத் தெரியுது."

அவளுக்கு வடிவாய்த் தெரிந்தது எழுத்தா, நீயா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அடுத்த கிழமை உன் குசினி யன்னலுக்கு நேரே, வேலியோடு ஒட்டி, தகரத்தில் உயரமாக ஒரு விறகுக் கொட்டில் அடித்தேன். "மழைக்கு விறகு நனையுது மச்சாள்" என்றேன். அது வைகாசி மாதம், மழை எங்கே இருந்தது? நீ கொட்டிலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "ஓம், நனையத்தான் செய்யும்" என்றாய்.

பிறகு ஒரு பழைய அலுமாரியின் கண்ணாடிக் கதவைக் கழற்றி, நடு அறையில் தெற்கு யன்னலுக்கு எதிரே மாட்டினாய். வெளிச்சம் அதில் பட்டு, வாசல் வழியே குசினிக்குள் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

நெஞ்சு வருத்தத்தோடு நீ படுத்த கடைசி நாட்களில் கஞ்சி கொண்டு வந்தேன். என் கையைப் பிடித்தாய். "கோவிக்காத மச்சாள். அந்த அலுமாரிய யன்னலடியில இருந்து தள்ளி வை. கன நாளாச் சொல்ல நினைச்சனான், நீ கோவிப்பாய் எண்டு விட்டிட்டன்." கொட்டிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். ஏன் நீ என்னை ஒரு தரமாவது ஏசவில்லை?

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் கொட்டிலை நானே பிரித்தேன். அலுமாரியைத் தள்ளினேன், சுவருக்கு வெள்ளை அடித்தேன். வந்த ஒருத்தி, "வீடு நல்ல வெளிச்சமா இருக்கு, ஆற்ற யோசனை?" என்று கேட்டாள். "என்ர தான்" என்றேன். நீ செத்த பிறகும் உனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, பார்.

இப்போது நிலா கல்யாணம் முடித்து, கிளிநொச்சியில் வீடு கட்டப்போகிறாள். "மாமி மாதிரித்தான் கட்டுவன்" என்கிறாள். அம்மா மாதிரி என்று ஒரு தரமும் சொல்லவில்லை. நியாயம் அவள் பக்கம்தான். தெரிந்தும் எரிகிறது.

தை பிறக்க அத்திவாரம். அதற்கு முன், இது அவள் கண்ணில் படமுன்னமே, கொட்டில் ஏன் அடித்தேன் என்பதை அவளிடம் நானே சொல்லுவேன். கொஞ்ச நாள் என்னோடு கதைக்காமல் விடுவாள். விடட்டும். குடிபுகுந்து பால் காய்ச்சும் நாளில், யன்னல்களைப் பார்த்து யாருடைய யோசனை என்று கேட்கிறவர்களுக்கு உன் பெயரைச் சொல்லுவேன். எரிந்துகொண்டே என்றாலும் சொல்லுவேன்.

உன் புருசனின் தங்கச்சி,
உன்னைவிட நாலு மாதம் இளைய மச்சாள்,
சாந்தி