புல்வெளியில் தேடிய குழாய்

நார்விச், இங்கிலாந்து
அக்டோபர் 2003

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் தயவில் நான் சுகம். உங்கள் இருமல் தணிந்ததா? அம்மாவின் கால் வீக்கம் எப்படி?

என்னோடு வேலை செய்யும் வேலூர் பாகாயத்து நர்ஸ் ஃபீபி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னை ஒரு பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போனாள். ஈரப் புல்வெளி அது. புல் உயராமல் இருந்தால்தான் பறவைகள் இறங்குமென்று மாடு விட்டு மேய்க்கிறார்களாம். அங்கே கால்வாயைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நீங்கள் வேலை பார்த்த ஆம்பூர் தோல் தொட்டியில் பதனிடும் பட்டை ஊறிய அதே பழுப்பு! தொழிற்சாலைக் கழிவுக் குழாய் எங்கே என்று கரையோரமாகவே தேடிக்கொண்டு போனேன்.

"இன்னாக்கா, இங்கயும் குழாய் தேடுறியா? புல்லு மக்கி ஊறின கலர்க்கா அது," என்று ஃபீபி சிரித்தாள். சரணாலயக் காவலரும் அதையேதான் சொன்னார். நான் நம்பவில்லை. மாடு குடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். குடித்தது. கன்றும் குடித்தது. அப்போதும் குனிந்து முகர்ந்து பார்த்தேன். மழை வாசனைதான்.

கிறிஸ்துமஸுக்கு ஃபீபி ஊருக்கு வருகிறாள். எனக்கு லீவு இல்லை. அவளிடம் புளியும், நீங்களும் அம்மாவும் சேர்ந்து எடுத்த போட்டோவும் கொடுத்தனுப்புங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அப்பா, தொட்டிக் கழிவு ஊறிய நம் கிணற்றுத் தண்ணீர் இப்போது கண்ணாடி மாதிரி இருப்பதாக எழுதியிருந்தீர்களே. நம் ஆடு அதைக் குடிக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள் மகள்
இவாஞ்சலின்