கோலுக்குப் பின்னால் ஒரு மைக்

நவம்பர் 5, புதன்

கிளவுஸ் இன்றும் காயவில்லை. ஏழாவது மாடி ஜன்னலில் மாட்டினால் சாரல் அடிக்கிறது, வீட்டுக்குள் போட்டால் நாறுகிறது. அம்மா மோந்து பார்த்துவிட்டு, "என் மீன் கூடையே தேவலாம்டி" என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் இருபது வருடமாக மீன் விற்கிறாள். கூவம் கரையில் இருந்த எங்கள் வீட்டை இடித்து, எங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுவந்து அடுக்கிய பிறகும், முதல் பஸ் பிடித்து அதே மார்க்கெட்டுக்குத்தான் போகிறாள். அடுத்த பஸ்ஸில் நான் அடையாறு கிரவுண்டுக்கு.

எங்கள் பெண்கள் ஃபுட்பால் கிளப் அங்கேதான். இது என் மூன்றாவது சீசன். ஒன்றாம் நம்பர் ஜெர்சி என்னுடையது. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அதுவரை முதல் கீப்பராக நின்றுவிட்டால் அடுத்த வருடம் தேசிய லீக்குக்கு என் பெயரை அனுப்புவார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் மேட்ச். 1–0. ஜெயித்தோம்.

கடைசி நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர். பந்து கூட்டத்தின் நடுவில் இறங்கியது. தாரணி தலை கொடுக்கப் போனாள். பின்னாலேயே நான் வந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. "உடு! என்து!" என்று கத்தினேன். அப்படியே குனிந்தாள். பந்து என் கையில் வந்து உட்கார்ந்தது.

தாரணி எங்கள் ஸ்டாப்பர். திருவல்லிக்கேணிக்காரி. எனக்கு நேர் முன்னால் நிற்பவள். மூன்று வருடமாக அவள் முதுகைப் பார்த்துத்தான் விளையாடுகிறேன். மைதானம் முழுக்கத் தெரிவது கீப்பருக்கு மட்டும்தான், அதனால் கத்துவது எங்கள் வேலையில் பாதி. என் குரல் கேட்டால் தாரணி யோசிக்க மாட்டாள். யோசித்தால் பந்து போய்விடும்.

இந்த வருடம் மேட்ச்சை யூடியூபில் நேரலை போடுகிறார்கள். என் கோலுக்குப் பின்னால் முடி வைத்த மைக் ஒன்றை நட்டிருந்தார்கள், பூனையைக் குச்சியில் சொருகிய மாதிரி. எதற்கு என்று கேட்டேன். "சவுண்ட் நேச்சுரலா வரணும்மா" என்றார் கேமராக்காரர்.

நவம்பர் 11, செவ்வாய்

நேச்சுரலாக வந்துவிட்டது.

அஸ்வின் கூப்பிட்டு அனுப்பினான். எங்கள் மேனேஜர். கிளப்புக்குப் பணம் போடுவது, ஜெர்சியில் பெயர் போட்டிருக்கும் தி.நகர் பட்டுக்கடை; இவன் அவர்கள் நியமித்த ஆள். லேப்டாப்பில் மேட்ச்சை ஓட்டினான். முழுக்க என் குரல்தான்.

"அடி கய்த, பின்னால ஆளு கீது பாரு!"

"இன்னா வேடிக்க பாத்துக்கினு கீற? தூக்கி அட்றீ!"

எனக்கே சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"முதலாளி வீட்டு விசாலாக்ஷி மேடம் பேரப்பிள்ளைங்களோட உட்கார்ந்து பாத்திருக்காங்க மணி. சவுண்டை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க."

"ஜெயிச்சத பாத்தாங்களா?"

"இது ஃபேமிலி பிராண்ட்."

"நாங்க இன்னா சார், ஃபேமிலி இல்லியா?"

"பேரு மட்டும் மணிமொழி" என்று லேப்டாப்பை மூடினான்.

வெளியே கோச் கருணாகரன் சார் ஒரு தாளோடு நின்றிருந்தார். ஆறு வார்த்தை. 'உடு'வுக்குப் பதில் கீப்பர், 'பின்னால ஆளு'க்குப் பதில் மேன் ஆன், மிச்சம் அவே, டைம், புஷ் அப், ஹோல்ட். "உலகம் பூரா இப்படித்தான் கத்துறாங்க மணி" என்றார், என் ஷூவைப் பார்த்துக்கொண்டு. அவருக்கும் வேலை வேண்டும், புரிகிறது. ஆனா மூணு வருஷமா நான் கத்துனது இவர் காதுல விழலியா? மைக் காதுல விழுந்தாத்தான் விழுமா?

தாரணி தாளை வாங்கிப் படித்தாள். "பொம்பளைங்க மேட்ச்சுல மேன் எங்கேந்துடி வந்தான்?"

நவம்பர் 13

பயிற்சியில் ஆறு வார்த்தையையும் கத்திப் பார்த்தேன். வேறு யாரோ என் தொண்டைக்குள் வாடகைக்கு இருக்கிற மாதிரி இருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

தோற்றோம். 0–1. அதுவும் சேம்சைடு கோல்.

நீளமான பந்து. தாரணி என் பக்கம் திரும்பி ஓடி வந்தாள். நான் கோலை விட்டு வெளியே பாய்ந்தேன். வாயில் வந்தது "உடு". கடித்து உள்ளே தள்ளிவிட்டு "கீப்பர்" என்பதைத் தேடி எடுப்பதற்குள் அவள் தலையால் தட்டிவிட்டாள். என் தலைக்கு மேலே போய், காலியாகக் கிடந்த கோலுக்குள் விழுந்தது. அரை நொடி. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

தாரணி முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னாடி, சத்தமே வல்ல?"

"வந்துச்சு. இங்கிலீஷ்ல வந்துச்சு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் போனைப் பார்த்தேன். அஸ்வின் அனுப்பியிருந்தான்: "இன்னிக்கு ஆடியோ சூப்பர் மணி." கூடவே கட்டைவிரல்.

நவம்பர் 17

அம்மாவிடம் சொன்னேன். மத்தி மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"அவங்க சொல்றதயே கத்திட்டுப் போயேன். வாய்தான, தேஞ்சா பூடும்? உனக்கு துணி எடுக்க அந்தப் பட்டுக்கடைக்குப் போனப்போ நானு இன்னா பேசுனேன்? 'அந்தக் கலர் கொஞ்சம் காட்டுறீங்களா மேடம்'னுதான் கேட்டேன்."

"மார்க்கெட்ல அப்டி பேசுவியா?"

"மார்க்கெட்ல அப்டி கூவுனா மீனு என் கூடையிலயே அழுவிப்பூடும்."

சொல்லிவிட்டு அடுத்த மீனைக் கையில் எடுத்தாள். பிறகு, "உன் இஷ்டம்" என்றாள்.

கோல் எனக்கு மார்க்கெட்டா, துணிக்கடையா? ராத்திரி முழுக்க யோசிக்க வேண்டிய கேள்வி இல்லை இது. தூங்கிவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

என் வாயாலேயே கத்தினேன். 2–0. ஜெயித்தோம். ஒரு கோல்கூட விடவில்லை.

"கய்த"யை மட்டும் விட்டுவிட்டேன். அது தாரணிக்காக, பட்டுக்கடைக்காக இல்லை. மேட்ச் முடிந்ததும் அவள் சொன்னாள்: "நீ திட்டாம எனக்கு ஓடவே தோணலடி."

நவம்பர் 25

நீக்கிவிட்டார்கள். கிளப்பிலிருந்து இல்லை, கோலிலிருந்து. "இனிமேல் தாளில் உள்ளதை மட்டும் பேசுவேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் திரும்ப நிற்கலாமாம். போட மாட்டேன். அடுத்த மேட்ச் முதல் லாவண்யா.

லாவண்யா இரண்டாவது கீப்பர். அடையாறில் கிரவுண்டுக்கு நடந்து வருகிற தூரத்தில் வீடு. என்னைவிட உயரம், நீளமான கை, நல்ல கீப்பர்தான். கோலை விட்டு எப்போது வெளியே பாய வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். போன் செய்தாள். "நான் கேக்கல மணி. சத்தியமா." நம்புகிறேன். நம்பி இன்னா பண்றது?

டிசம்பர் 7

பெஞ்ச்.

டிசம்பர் 14, ஞாயிறு

பெஞ்சில் உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பார்த்தேன். முதல் பாதியில் லாவண்யா "கீப்பர்! கீப்பர்!" என்று கத்தியும் தாரணி நிற்கவில்லை. இரண்டு முறை மோதிக்கொண்டார்கள். தாரணிக்குக் காது கேட்காமல் இல்லை. அவள் உடம்புக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. இரண்டாம் பாதியில் அதே மாதிரி ஒரு பந்து. லாவண்யா என்ன நினைத்தாளோ, அடித்தொண்டையிலிருந்து, "உடு! என்து!"

தாரணி குனிந்தாள். பந்து லாவண்யா கையில்.

பெஞ்சில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன்.

டிசம்பர் 16

அந்தத் துண்டு வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். வர்ணனையாளர் குதிக்கிறார்: "என்ன எனர்ஜி! அசல் சென்னைப் பொண்ணு!" கீழே வரிசையாக இதயப் படங்கள். விசாலாக்ஷி மேடத்தின் பேரப்பிள்ளைகள் வீட்டில் இதைக் கத்திக்கொண்டே விளையாடுகிறார்களாம். அஸ்வினே சொன்னான், என்னிடமே.

அதே மைக். அதே வார்த்தை. ஆனா யாரும் சவுண்டை ஆஃப் பண்ணல. ஏன்னா அவ பேசினா அது விளையாட்டு, நான் பேசினா அது என் ஏரியா. அவ கத்திட்டு ஊட்டுக்குப் போய் இங்கிலீஷ் பேசுவான்னு எல்லாருக்கும் தெரியும். நான் கத்திட்டு எங்க போவேன்னும் தெரியும்.

டிசம்பர் 20

தி.நகர். கடை வாசலிலேயே, பட்டுப்புடவை கட்டிய பொம்மைகளுக்கு நடுவில் ஒரு பொம்மைக்கு டீ-ஷர்ட். மார்பில் பெரிய எழுத்தில்: உடு! என்து! பக்கத்தில் லாவண்யாவின் ஆளுயரப் படம். கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது, நான் நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன். "வாங்குறதுன்னா உள்ள வாங்க, வழிய மறைக்காதீங்க" என்றார் வாசலில் நின்ற வாட்ச்மேன்.

சாயங்காலம் லாவண்யா அழுதுகொண்டே பேசினாள். "இது மணியோடதுன்னு நான் சொன்னேன். 'அதெல்லாம் பரவாயில்ல'ன்னுட்டாங்க."

"நீ நல்லவதான் லாவ். அதால எனக்கு இன்னா?" என்று வைத்துவிட்டேன். கொஞ்சம் அதிகமோ? இருக்கட்டும்.

ஜனவரி 3

அஸ்வின் முகமெல்லாம் சிரிப்பு. கடிதமெல்லாம் வேண்டாமாம். இப்போது நானும் இஷ்டத்துக்குக் கத்தலாமாம். "அது ஹிட் ஆயிடுச்சே!" முதல் கீப்பர் லாவண்யாதான், மாற்றமில்லை. ஆனால் நானும் அவளும் டீ-ஷர்ட் போட்டு நின்று, இரண்டு பேரும் சேர்ந்து கத்துகிற மாதிரி ஒரு ரீல் எடுக்க வேண்டும். "உன்னோட ஒரிஜினல் ஃபிளேவர் வேணும் மணி."

"கய்தன்னு சொல்லட்டா சார்?"

"அது வேணாம்."

"உங்களத்தான் சொல்றேன்."

ஜெர்சியை மடித்து மேசையில் வைத்தேன். கருணாகரன் சார் வாசல்வரை வந்தார். இரண்டு மாதம் பொறு, தேசிய லீக்குக்கு எப்படியாவது உன் பெயரையும் சேர்த்து அனுப்பப் பார்க்கிறேன் என்றார். எப்படியாவது! மூன்று வருடம் நான் நின்ற கோலுக்கு, எப்படியாவது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் பயம் வந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனாலும் திரும்பப் போக மாட்டேன்.

ஜனவரி 12

அஸ்வின் ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்துவிட்டான். பாலவாக்கம் கிளப்பில் சேர்ந்துவிட்டேன். அதே லீக், கடைசி இடம். கோச் நஸ்ருன்னிசா, பழைய ரயில்வே ஆட்டக்காரி. கிரவுண்ட் கிடைக்காத நாளெல்லாம் கடற்கரையில்தான் பயிற்சி. முதல் நாள் என் கையைப் பார்க்கவில்லை, உயரத்தைக் கேட்கவில்லை. கடலைக் காட்டி, "அதுக்கு மேல கேக்கணும். கத்து" என்றார்.

கத்தினேன். தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் ஆள் திரும்பிப் பார்த்தார்.

"போதும். நாளைக்கு வா."

இந்த சீசனில் கடைசியாக முடித்துக் கீழ் லீக்குக்குத் தள்ளப்படாமல் தப்பித்தால்தான் அடுத்த வருடம் கிளப்பே இருக்கும் என்றும் சொன்னார். நேராகச் சொல்கிறவரைப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 25

0–3. இங்கே இருக்கும் ஸ்டாப்பருக்கு என் குரல் இன்னும் புதுசு. கத்தினால் திரும்பி, "இன்னாக்கா?" என்று கேட்கிறாள்.

பிப்ரவரி 8

1–0. இன்று ஸ்டாப்பர் "இன்னாக்கா?" என்று கேட்கவில்லை. குனிந்தாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கடைசி மேட்ச், பழைய கிளப்போடு. டிரா செய்தால் போதும், லீக்கில் நிற்போம். கேலரியில் முப்பது நாற்பது பேர் உடு-என்து டீ-ஷர்ட்டில். அந்தப் பக்கக் கோலில் லாவண்யா கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். என் கோலுக்குப் பின்னால் மைக். வார்ம்-அப்பிலேயே அதற்குக் குனிந்து, "இன்னா, நல்லா கீறியா?" என்று கேட்டுவிட்டேன்.

எண்பத்தெட்டு நிமிடம் 0–0. ஒரு விரல் பிசகியிருக்கிறது, வலது கை, இப்போது வீங்கிக்கொண்டு வருகிறது. கடைசியில் அவர்களுக்கு ஒரு கார்னர். உயரமானவர்கள் எல்லோரும் என் கோலுக்கு முன்னால். தாரணியும் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பந்து வந்தது, நேராக அவள் தலைக்கு. அவள் சரியாக நின்றிருந்தாள். யாரும் தடுக்கிற இடத்தில் இல்லை. அவள் தொட்டால் கோல். நான் எதுவும் திட்டம் போடவில்லை. பந்துக்குப் போகும்போது எப்போதும் கத்துவதைத்தான் கத்தினேன்.

"உடு! என்து!"

தாரணி குனிந்தாள்.

பந்து என் கையில் வந்து உட்கார்ந்தது. ஒரு நொடி இரண்டு கிளப்பும் அப்படியே நின்றது. பிறகு தாரணி ரெஃப்ரியிடம் ஓடினாள். "சார்! அவ ஏமாத்துறா சார்!"

ரெஃப்ரி அன்வர் பாஷா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கீப்பரு அவ பந்த அவ கூப்ட்டாம்மா. நீ ஏன் குனிஞ்ச?"

கடைசி விசில் அடித்தது. 0–0, லீக்கில் நிற்கிறோம். தாரணி என் பக்கத்தில் வந்து, மைக்குக்கு நேராகத்தான் நின்றாள்.

"மூணு வருஷம்டி. கய்த."

பிப்ரவரி 24

அடுத்த சீசனுக்குக் கையெழுத்துப் போட்டேன். விரலில் கட்டு, அதனால் எழுத்து கொஞ்சம் கோணல். தேசிய லீக்குக்கு லாவண்யாவின் பெயர் போயிருக்கிறது. வாழ்த்து அனுப்பினேன். கோபம் இன்னும் இருக்கிறது, அவள்மீது இல்லை.

மத்தியானம் தாரணியிடமிருந்து மெசேஜ்: "திருவல்லிக்கேணிலேந்து பாலவாக்கத்துக்கு எந்த பஸ்டி?"

எதில் ஏறினாலும் சரி, அடையாறில் இறங்கிடாதே என்று பதில் போட்டேன்.