கோனேட்டிபுரம் அரண்மனைக்கு முப்பத்திரண்டு பேர்

17-1-1946, வியாழன்

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. பெரிய டீச்சர் கூப்பிட்டனுப்பினார். நாலாவது, ஐந்தாவது படிக்கும் பெண்களை எங்காவது அழைத்துப் போய்க் காட்ட வேண்டும், இன்ஸ்பெக்டரம்மா உத்தரவு என்றார். எங்கே என்று கேட்டேன். கோனேட்டிபுரம் ஜமீன் அரண்மனையாம். இருநூறு வருஷத்துக் கட்டடம், சுற்றிலும் தோட்டம், குழந்தைகள் கனவில்கூடப் பார்த்திருக்காது. என் கையெழுத்து நன்றாக இருப்பதால் அனுமதி கேட்டு நானே எழுத வேண்டும். மற்ற ஏற்பாடும் என் பொறுப்பு.

ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல?

18-1-46

அந்த வீட்டில் எத்தனை படி என்றுகூட எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் பதினாலு மாதம் அங்கே இருந்தேன். சின்ன துரைசானிக்குத் தமிழும் தையலும் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஜமீன்தாருக்கு ஒரே மகள், அப்போது பதிமூன்று வயது.

1935 தசராவுக்கு முன்னால் அவளுடைய மரகதக் கம்மல் ஒன்று காணாமல் போயிற்று. வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஆனால் என் பெட்டியை மட்டும்தான் தரையில் கொட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே எனக்கு விரோதமாயிற்று. வெளியே கடத்திவிட்டாளாம். மேனேஜர் வேதாசலம் வண்டி கட்டி ரயிலடிக்கு அனுப்பிவிட்டார்.

நைனாவுக்கு எழுதியதைக் கவரில் போட்டிருக்கலாம். தபால் கார்டில் எழுதினார். ‘தங்கள் மகள் திருட்டுக் குற்றத்தின் பேரில் நீக்கப்பட்டாள்.’ எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டையில் அது நைனா கைக்கு வருமுன் தெருவே படித்துவிட்டது.

20-1-46

முந்தாநாள் பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மா வந்தாள்.

அத்தை மகன் கஜபதி பாவாவுக்கும் எனக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. கார்டு வந்த பிறகு அத்தை வரவில்லை. நைனா இந்தத் திருத்தணி மலை ஏறி, சந்நிதிக்கு முன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். என் மகள் எடுக்கவில்லை என்று. அதைப் போய் அத்தையிடம் சொன்னார். நானும் கூட நின்றேன். அத்தை சொன்னாள்:

“சத்தியம் பண்றது உன் இஷ்டம்ண்ணா. ஒவ்வொரு பொட்டியா நான் பூட்டு போட்டுகினு இருக்க முடியாது.”

தையில் பாவாவுக்கு வேறு பெண். நாங்கள் வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தோம். நான் டிரெயினிங் படித்து வேலைக்கு வந்தேன். நைனா 42-ல் போய்விட்டார். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்தால் வேலை இருக்குமா?

24-1-46

அனுமதி கேட்டு எழுதியாயிற்று. கையெழுத்து பெரிய டீச்சருடையது. என் பெயர் எங்கும் இல்லை. தப்பித்தேன்.

4-2-46

தப்பவில்லை. பதில் வந்துவிட்டது. பதினாறாம் தேதி வரலாமாம். கூட வரும் ஆசிரியைகளின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எழுதி அனுப்ப வேண்டுமாம். கீழே வேதாசலம் கையெழுத்து. இன்னும் அந்த ஆள்தான்.

5-2-46

காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது என்று ரஹிமுன்னிசா டீச்சரிடம் சொன்னேன். பொய். நல்ல மனுஷி, “நீங்க ரெஸ்ட் எடுங்க, நான் போறேன்” என்றாள். அவள் பெயரை எழுதினேன்.

சாயங்காலம் அதைக் கிழித்துப் போட்டேன். நான் எதற்கு ஒளிய வேண்டும்? நான் என்ன எடுத்தேன்? வேறு தாளில் எழுதினேன்: வி. சுலோச்சனா, தகப்பனார் வரதராஜன், முன்பு பொதட்டூர்பேட்டை. ‘முன்பு’ என்பதை வேண்டுமென்றே சேர்த்தேன்.

தபாலில் போட்டுவிட்டு, திரும்ப எடுக்க முடியுமா என்று பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். வெட்கக்கேடு.

11-2-46

பஸ் கிடைத்துவிட்டது. நூர் முஹம்மது சாயபுவின் கரி பஸ், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுவது. ஏற்றத்தில் இழுக்காது, பெண்கள் இறங்கி நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். புளிச்சோறு கட்ட ரேஷன் அரிசி போதாது. வீட்டுக்கு வீடு கேழ்வரகு அடை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அரண்மனையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. வாசலில் நிறுத்தி, முப்பத்திரண்டு குழந்தைகள் முன்னால் என் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பினால்? அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

16-2-46, சனி

போய் வந்தாயிற்று. எழுத முடியவில்லை.

17-2-46

எழுதிவிடுகிறேன்.

ரோஜாப் பாத்திகள் இருந்த இடத்தில் கத்தரியும் கேழ்வரகும். சண்டைக் காலத்தில் சர்க்கார் பயிரிடச் சொன்னதாம். நீரூற்று வறண்டு கிடந்தது. பெண்களுக்கு அது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. தாமரைக் குளத்தைச் சுற்றி ஓடினார்கள். பெரிய ஹாலில் ஆளுயரக் கண்ணாடி முன் நின்று ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள்.

சின்ன துரைசானி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு குழந்தைக்குத் தாய் இப்போது. நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர்! பேரைப் பார்த்ததுமே நீங்கதான்னு தெரிஞ்சுது. ஏன் அப்புறம் வரவே இல்லை?”

நான் அவள் முகத்தையே பார்த்தேன். விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

“கம்மல்...” என்றேன்.

“அதுவா? நாலாம் நாளே கிடைச்சிட்டுதே. குளிக்கிற ரூம் ஜலதாரையில. யாரும் உங்களுக்கு எழுதலையா?” சிரித்துக்கொண்டே வேதாசலத்தைத் திரும்பிப் பார்த்தாள். தலை முழுக்க நரைத்துப் போயிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

“எழுதணும்னுதாம்மா இருந்தேன். தசரா வேலையில விட்டுப்போச்சு.”

விட்டுப்போச்சு. நாலே நாள். நைனா மலை ஏறியது பத்தாம் நாள். அந்த மனுஷன் கற்பூரத்தின் மேல் கையை வைத்தபோது அந்தக் கம்மல் இவள் காதில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

அழுகை வரவில்லை. ஒரு கார்டு கொண்டுவரச் சொன்னேன். என்னத்துக்கு இப்போது என்றார் வேதாசலம். நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள் என்றேன். துரைசானி, எழுதுங்களேன் என்றாள். 1935-ல் சுலோச்சனாமீது சொன்னது தவறு, பொருள் நாலாம் நாளே இங்கேயே கிடைத்தது, தெரிவிக்காதது என் குற்றம். கையெழுத்து வாங்கினேன். விலாசத்தை நானே எழுதினேன்: கஜபதி, ஜவுளி வியாபாரம், பொதட்டூர்பேட்டை. வெளியே வந்து தபால் பெட்டியில் போட்டேன்.

கூட வந்திருந்த பெரிய டீச்சர் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டார். பஸ்ஸில் திரும்பும்போது மெதுவாகச் சொன்னார், நல்லவேளை கிடைத்துவிட்டது, இல்லாவிட்டால் பள்ளிக்கூடக் கமிட்டிக்கு நான் எழுத வேண்டியிருக்கும் என்று. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

18-2-46

அம்மாவிடம் சொன்னேன். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். “இப்ப எதுக்குடி அதைக் கெளர்றே?” என்றாள். பிறகு ராத்திரி சாப்பிடவில்லை.

24-2-46, ஞாயிறு

கஜபதி வந்திருந்தான். பத்து வருஷம் கழித்து. கையில் அந்தக் கார்டு. அம்மா உள்ளே போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்க வந்தான் என்று நினைத்தேன். என் புத்தி.

“ஏன் சுலோ கார்டுல போட்டே? கவர்ல போட்டிருக்கக் கூடாதா? தெருவே படிச்சிட்டு கேக்குது. அம்மா வெளியே தலை காட்டல.”

படிக்கட்டும் என்றுதான் போட்டேன் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ எனக்கு நல்ல வார்த்தை சொல்வது போலச் சொன்னான்:

“நீ எடுத்திருக்க மாட்டேன்னு எங்களுக்கு அப்பவே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அந்தப் பொண்ணு வூட்ல எட்டு தறி குடுக்கறதா இருந்தாங்கோ. அம்மா முடிவு பண்ணிட்டாங்க. நான் என்ன பண்ண?”

தெரியுமாம்! தெரிந்துகொண்டே நைனாவை மலை ஏறவிட்டார்கள். இத்தனை வருஷம் வேதாசலத்தையே சபித்துக்கொண்டிருந்தேனே. அந்த ஆளாவது மறந்துபோனான். இவர்கள் மறக்கவில்லை.

பாவா என்று வாய் வரவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவன் வைத்துவிட்டுப் போகப் பார்த்தான். எழுந்து போய் அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

2-3-46

ஒன்றும் இல்லை. பரீட்சை வேலை.

10-6-46, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. இந்த வருஷம் எனக்கு மூன்றாம் வகுப்பு.

கஜபதி ஜவுளிக் கடையைத் திருத்தணிக்கே மாற்றிவிட்டானாம். அட்மிஷனுக்கு அவன் பெண்ணை அழைத்துக்கொண்டு அத்தை வந்தாள். இளைத்திருக்கிறாள். சுற்றிலும் மற்ற தாய்மார்கள் நிற்க, உரக்கவே, “நம்ம சுலோச்சனா இருக்கிற இஸ்கூலாச்சே” என்றாள். பெண்ணை முன்னால் தள்ளி, “சின்னம்மாவுக்குக் கும்பிடு போடு” என்றாள்.

குழந்தை கும்பிட்டது. பெயர் அமிர்தவல்லி, எட்டு வயது.

“இங்கே டீச்சர்னு கூப்பிடணும்” என்றேன் குழந்தையிடம். ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டேன். அத்தை இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றாள். அடுத்தவர்களை வரச்சொன்னேன்.

அந்தப் பெண் கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறது. பார்வை கொஞ்சம் மட்டு போலிருக்கிறது. முதல் வரிசையில் உட்காரவைத்தேன்.